சட்டக்காவின் ஒன்றரை அடி பாக்கி

எங்கள் கடைத்தெருவில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறாராம். கறுப்புக் கோட்டு கிடையாது; ஒரு துணிப்பையும் சுத்தியலும்தானாம். வாய்தா வாங்குவதில்லை, கோர்ட்டுப் படி ஏறுவதில்லை. தகராறு உள்ள வீட்டுக்கு நேரில் போய்ச் சுவரை நாலு தட்டு தட்டுவாராம். மூன்றாம் நாள் எதிராளி தானாகவே வந்து கையெழுத்துப் போட்டுவிடுவானாம். சொன்னவர் முடிதிருத்துகிறவர். கழுத்தில் கத்தி இருக்கும்போது சொல்லப்படும் செய்தியை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

சரிபார்ப்பது கடினமாக இல்லை. அவர் சொன்ன இடம் அவர் கடையிலிருந்து ஏழு கடை தள்ளி. பழக்கடைக்கும் கடிகாரம் பழுதுபார்க்கிறவருக்கும் நடுவில், ஓர் ஆள் உடம்பை ஒருக்களித்து நுழையும் அகலத்தில் ஒரு வாசல். மேலே பலகை. அதில் நீல எழுத்தில், 'சட்ட வேலைகள் நேர்மையாகச் செய்து தரப்படும்.'

வக்கீல் அலுவலகம் ஒன்று தன் நேர்மையைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தால் அங்கேயே ஒருவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் பலகைக்கு இரண்டாவது வரியும் உண்டு. 'வீடு, அலுவலகச் சுவர்களுக்கு' என்ற அந்த வரி, பழக்கடைக்காரர் வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய்க்குப் பின்னால் இரண்டு வருடமாக ஒளிந்திருக்கிறது. முதல் வரியிலும் ஒரு சொல் பிசகு. 'நேராகச் செய்து தரப்படும்' என்றுதான் உள்ளே இருப்பவர் எழுதச் சொன்னாராம். பலகை எழுதியவர் நல்ல மனிதர். வெறும் 'நேராக' மொட்டையாக இருக்கிறது என்று அவராகவே இரண்டெழுத்தைக் கூட்டி நேர்மையாக்கிவிட்டார்.

உள்ளே இருப்பவர் வக்கீல் அல்ல. சுவரில் மரச்சட்டம் பதிக்கிறவர். வேலைப்பாடுள்ள மெல்லிய சட்டங்களைப் பெரிய பெரிய நீள்சதுரங்களாகச் சுவரில் பதித்து, மேலே வண்ணம் பூசி, சாதாரணக் கூடத்தை அரண்மனையின் தூரத்துச் சொந்தம் போலக் காட்டும் வேலை. தச்சர்கள் இதை பீடிங் என்பார்கள். வீட்டுக்கு வரைபடம் போடுகிறவர்கள் மோல்டிங் என்பார்கள். சொல் மாறினால் கூலியும் மாறும். இவர் சட்டம் என்றே சொல்கிறார். ஆகையால் கடைத்தெரு முழுவதற்கும் இவர் சட்டக்கா. வயது நாற்பத்தைந்து. காதில் எப்போதும் ஒரு பென்சில். வலது கை நடுவிரல் முட்டியில் கடலை அளவுக்குக் காய்ப்பு. அந்தக் காய்ப்புக்குத்தான் இந்தக் கதையில் வேலை அதிகம்.

பத்தொன்பது வயதில் ஒரு படச்சட்டக் கடையில் கண்ணாடி துடைக்கச் சேர்ந்தவர், அடுத்த வருடமே சட்டம் அறுக்கப் பழகிவிட்டார். நாலு மூலையும் இடைவெளி தெரியாமல் கூட வேண்டும். ஒரு மூலையில் நூலளவு விட்டாலும் அடுத்த மூன்றும் சேர்ந்து காட்டிக் கொடுக்கும். ஒரு முறை ஏதோ கம்பெனியின் மேலாளர் ஆளுயரத்தில் தன் படத்துக்குச் சட்டம் சொல்லிவிட்டு, படம் வருவதற்குள் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். சட்டம் கடையில் நடக்கிறவர் காலையெல்லாம் இடறியது. தொல்லை தாங்காமல் சட்டக்கா அதைத் தூக்கிச் சுவரில், ஒரு விரிசலை மறைக்கிற மாதிரி மாட்டினார். சான்றிதழுக்குச் சட்டம் போட வந்த பல் மருத்துவர் அதைப் பார்த்து, படம் எங்கே என்று கேட்டார். வரும் என்றார் இவர். வர வேண்டாம், இப்படியே நன்றாக இருக்கிறது, என் கிளினிக் சுவரில் இதே மாதிரி ஆறு போட்டுக் கொடுங்கள் என்றாராம் மருத்துவர். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும்தானே.

அன்று சட்டக்காவுக்குப் புரிந்த விஷயம் பெரியது. வெறுமையை வெறுமையாக விட்டால் அது இல்லாமை. நாலு பக்கமும் சட்டம் அடித்துவிட்டால் அது ரசனை.

புதுச் சுவர்களுக்குச் சட்டம் போட நிறையப் பேர் இருக்கிறார்கள். சட்டக்காவைத் தேடி வருவது பழைய சுவர்க்காரர்கள். பழைய சுவருக்குத் தொப்பை உண்டு, கூன் உண்டு. தரைக்கும் கூரைக்கும் பல வருடப் பேச்சுவார்த்தை இல்லாததால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே ரசமட்டம் வைத்து அச்சு நேராகச் சட்டம் அடித்தால் கூரை சரிந்தது போலத் தெரியும். வீட்டுக்காரர் சட்டத்தைத்தான் திட்டுவார். இவர் கூரையின் கோணலுக்குப் பாதி, தரையின் கோணலுக்குப் பாதி விட்டுக்கொடுத்து, சுவரில் கோடு விழ நூல் அடிப்பார். பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் நேராக இருக்கும். ரசமட்டத்தை மட்டும் கிட்டே விடமாட்டார்.

அதற்கும் முன்னால் தட்டல். பழைய பூச்சு செங்கல்லைப் பிடித்திருக்கிற இடத்தில் 'டொக்' என்று கெட்டியாகச் சத்தம் வரும். உள்ளே விலகியிருந்தால் 'டப்' என்று பொள்ளையாக வரும். காதை வைத்து, முட்டியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போய், பொள்ளை உள்ள இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுவார். சுத்தியலை எடுப்பதே இல்லை. பழைய சுவரில் ஆணியை அடித்தால் சட்டம் நிற்கும், சுவர் கீழே வரும். துளைபோட்டு, அடைப்பான் செருகி, திருகாணிதான். ஆக, வதந்தியில் சுத்தியல் பொய், தட்டியது மெய். கேட்டால் சட்டக்கா தன் முட்டியைக் காட்டுகிறார்.

சட்டக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். ஊர்ச் சுவருக்கெல்லாம் நகை போடுகிறாள், நம் வீட்டுச் சுவர் மூளியாக நிற்கிறது என்பது அவருடைய நிரந்தரப் புகார். போடாமலிருக்கக் காரணம் கேட்டால் சட்டக்கா சிரிக்கிறார். அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தாராம், தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாமாம்.

இனி டைப் டீச்சர். தட்டச்சுப் பள்ளி மூடும்வரை முப்பது வருடம் விரல்களுக்கு இடம் காட்டியவர். தனி ஆள். அப்பாவின் வீட்டில், தெருவைப் பார்த்த முன்னறையில் இருக்கிறார். மீதி வீடு தம்பியுடையது. தம்பி மருந்துக்கடை வைத்திருக்கிறார். அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன காகிதத்தில் எல்லாம் தெளிவு: வீடு மகனுக்கு, முன்னறை, அது குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்கும்வரை, மகளுக்கு. எல்லாவற்றையும் யோசித்த மனிதர், சுவருக்கும் வயதாகும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

போன வருடம் பெரிய மழைக்கு மறுநாள், முன்னறைக்கும் தம்பியின் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரிலிருந்து, டீச்சர் பக்கம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. தம்பி ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார். மேஸ்திரி ஒரு முறை பார்த்து, இரண்டு முறை உச்சுக்கொட்டி, சுவர் போய்விட்டது என்றார். தம்பிக்கு மருந்துப் பெட்டிகள் வைக்க இடம் போதவில்லை என்பதும், மேஸ்திரிக்கு இடிப்பதற்கு ஒரு சுவர் தேவைப்பட்டது என்பதும் தனித்தனிச் செய்திகள். தம்பி கெட்டவர் இல்லை. அக்காவுக்கு வேறு இடமும் பார்த்துவிட்டார்: ஊருக்கு வெளியே, காற்றோட்டமாக, மூன்றாவது மாடியில். டீச்சரின் முழங்கால் வலிக்குத் தைலம் அவர் கடையிலிருந்துதான் போகிறது. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று தேதி நாலு.

ஐந்தாம் தேதி டீச்சர் அப்பாவின் காகிதத்தை ஒரு பைலில் போட்டுக்கொண்டு வக்கீல் தேடிக் கிளம்பினார். வழியில் நீல எழுத்தில் அந்தப் பலகை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் எழுத்துப் பிழையைத் திருத்தியவருக்கு, பிழையே இல்லாத அந்த ஒற்றை வரியில் நம்பிக்கை பிறந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட சட்டம் பார்க்கணும்னு வந்தேன் மேடம்."

"தாராளமா. எப்படி வேணும்? சாதாரணமாவா, கொஞ்சம் வேலைப்பாடாவா?"

வக்கீல்களிடம் இரண்டு விதமும் கிடைக்கும் என்று டீச்சரும் கேள்விப்பட்டிருந்தார்.

"சாதாரணமா போதும். ஆனா உறுதியா நிக்கணும்."

"அது சுவரைப் பொறுத்தது."

"சுவர்லதான் மேடம் பிரச்சினையே."

"எல்லாருக்கும் அங்கதான். எத்தனை வருஷத்துச் சுவர்?"

"அப்பா காலத்துது. ஆனா தம்பி ஒத்துக்கவே மாட்டான்."

"அவருக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

அங்கேதான் விஷயம் உடைந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் சுவரோரம் சாத்தியிருந்த மரச்சட்டங்கள், அரம், பசை டப்பா எல்லாம் கண்ணில் பட்டன. முகம் சிவந்து எழுந்து, தப்பான இடத்துக்கு வந்துவிட்டதாகச் சொல்லிப் பைலை மூடினார். சட்டக்கா அவரை மறுபடி உட்காரச் சொன்னார். தன்னால் வக்கீல் ஆக முடியாது, ஆனால் சுவர் என்று சொன்னீர்களே, அது என்ன சுவர் என்று கேட்டார்.

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். சட்டக்கா துணிப்பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். பைலோடு உள்ளே போன டீச்சர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே வருவதை முடிதிருத்துகிறவர் ஏழு கடை தூரத்திலிருந்து பார்த்தார். மீதியை அவருடைய கத்தி பார்த்துக்கொண்டது.

முன்னறையில் சட்டக்கா ஒரு மணி நேரம் தட்டினார். டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு 'டொக்'குக்கும் மூச்சு விட்டார். 'டப்' கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால், முழுச் சுவரிலும் பூச்சு விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு குடை விரித்த அளவுக்குத்தான் சாக்பீஸ் வட்டம். சட்டக்கா அந்த இடத்தைச் சுரண்டிச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். கூரை ஓரத்து விரிசல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கிய தடம் இருந்தது.

"தோல்தான் உரிஞ்சிருக்கு டீச்சர். எலும்புக்கு ஒண்ணும் இல்லை."

டீச்சர் அழவில்லை. அதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முப்பது வருடம் தட்டச்சு கற்பித்தவர்கள் எதையும் எழுத்தில்தான் நம்புவார்கள். மரச்சட்டக்காரி எழுதிக் கொடுத்தால் மேஸ்திரி சிரிப்பார் என்றார் சட்டக்கா. சரி, பூச்சை மட்டுமாவது சரிசெய்யலாம் என்று முடிவாயிற்று. ஆனால் ஒட்டுப்போட்ட சுவர் நோயாளி மாதிரி இருக்கும், தம்பி அதையே விரல் நீட்டிக் காட்டுவார் என்று சட்டக்கா இழுத்தபோது, டீச்சர் முதல் முறையாகச் சிரித்தார்.

"சட்டம்னு தேடி வந்தாச்சு. சட்டமே போட்டுடுங்க."

வேலை தொடங்கும் முன் சட்டக்கா எல்லாரிடமும் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்குவார். ஒரு காலத்தில், தானாக விரிந்த விரிசலையெல்லாம் இவர் துளைபோட்டதால் விரிந்தது என்று பழி போட்ட வாடிக்கையாளர்கள் தந்த ஞானம் அது. 'சுவரை நானே தட்டிப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ளது. - வீட்டு உரிமையாளர்' என்று அச்சடித்திருக்கும். டீச்சர் அதை மூன்று முறை படித்துவிட்டு, தான் உரிமையாளர் இல்லையே, கையெழுத்துப் போட்டால் தப்பாகாதா என்று கேட்டார். பரவாயில்லை, உரிமையாளர் என்பதை அடித்துவிட்டுக் குடியிருப்பவர் என்று எழுதுங்கள் என்றார் சட்டக்கா. சொல்லிவிட்டுச் சீட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று டீச்சர் இப்போது சொல்கிறார். அப்படியொன்றும் பார்க்கவில்லை என்கிறார் சட்டக்கா. இரண்டில் எது நிஜம் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மூன்று நாள் அல்ல, மூன்று வாரம் ஆயிற்று. பொள்ளைப் பூச்சைத் தட்டி எடுத்து, புதுப் பூச்சு போட்டு, அது காய்ந்து, மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பார்த்து, நூலடித்து, ஆறு சட்டங்கள். சுவரின் தொப்பைக்கு ஏற்றபடி சட்டத்தின் பின்பக்கத்தை இழைத்து இழைத்து உட்கார வைத்தார். தந்த வெள்ளையில் வண்ணம் பூசியதும் அறை ஒரு அடி அகலம் கூடியது போல இருந்தது.

அதற்குள் வதந்தி மருந்துக்கடையை எட்டிவிட்டது. அக்கா வக்கீல் வைத்துவிட்டார். ரொம்பக் கறாரான ஆள். வீட்டிலேயே வந்து உட்கார்ந்து கேஸ் கட்டுகிறார். தம்பி இரண்டு நாள் கடையில் மாத்திரை மாற்றிக் கொடுக்காமல் சமாளித்துவிட்டு, மூன்றாம் நாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அக்கா அறைக்குள் வந்தார். சட்டக்கா ஏணி மேல் இருந்தார்.

"நீங்கதானே மேடம் சட்டம்?"

"ஆமா. இருபத்தாறு வருஷமா."

அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்தார். நேரம் போவது தெரியாமல் பார்த்தார். பிறகு போய்விட்டார். சாயங்காலம் அவருடைய மனைவி, துணி காயப்போடும் கிளிப் இருக்கிறதா என்று கேட்டு வந்து, கிளிப்பை வாங்க மறந்து திரும்பினார். மறுநாள் காலை தம்பி மறுபடியும் வந்தார். இந்த முறை கனைப்பு இல்லை. தன் கூடத்துப் பக்கமும் இதே மாதிரி ஆறு போட முடியுமா என்று கேட்டு, சட்டக்காவைத் தன் கூடத்துக்கு அழைத்துப்போனார்.

டீச்சர் தன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பேசியது முழுக்க அவர் காதில் விழுந்தது.

"அது ஒரே சுவர்தாங்க தம்பி. பக்கம் ரெண்டு, சுவர் ஒண்ணு," என்றார் சட்டக்கா.

"தெரியுமே."

"விழப்போற சுவர்ல நான் வேலை செய்யறதில்லை."

"விழும்னு யார் சொன்னது?"

"கடைத்தெருவுல பேச்சு."

"கடைத்தெருவுல என்ன வேணா பேசுவாங்க. அக்கா பக்கம் நிக்குது, என் பக்கம் மட்டும் விழுமா?"

"அப்ப தட்டிப் பாருங்க. எல்லாரும் தட்டணும். அது என் வழக்கம்."

தம்பி தட்டினார். முதலில் கூச்சத்தோடு இரண்டு இடம். பிறகு அவருக்கே ருசி கண்டுவிட்டது. சாண் சாணாகச் சுவர் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு 'டொக்'கும் நகர்ந்து நகர்ந்து வருவதை டீச்சர் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்க மூலையை மட்டும் தம்பியால் தொட முடியவில்லை. அங்கே மருந்து அடைத்த இரும்பு அலமாரி நின்றது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சீட்டு வந்தது. தம்பி உரிமையாளர் என்ற இடத்தில், ஒரு சொல்லும் அடிக்காமல், கையெழுத்தும் தேதியும் போட்டார். தேதி இருபத்தெட்டு.

முப்பதாம் தேதி, வழக்கப்படி தைலத்தோடு வந்தவர், அந்த மூன்றாவது மாடிச் சாவியையும் கொண்டுவந்தார். டீச்சர் தைலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"சுவர் நல்லா இருக்குன்னு நீதானேடா கையெழுத்துப் போட்டே," என்றார். குரலை உயர்த்தவில்லை. "தட்டினதை நானும் கேட்டேன். நல்லாத்தான் தட்டினே."

தம்பி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு இரண்டு வேளையும் தடவச் சொல்லிவிட்டுப் போனார். மருந்துப் பெட்டிகளுக்கு இப்போது கடை மாடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். டீச்சர் அதே அறையில் இருக்கிறார்.

இந்தச் சீட்டு கோர்ட்டில் செல்லுமா என்று நிஜமான வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். காகிதத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், அதற்கும் முன்னதாக நேரம் குறித்துக்கொண்டு வர வேண்டும் என்றார். தம்பியும் அதே யோசனையில்தான் இருக்கிறார் போலிருக்கிறது. ஏனென்றால் அவருக்கு அந்தச் சீட்டு திரும்ப வேண்டும். சட்டக்காவின் வழக்கம் அதற்கு இடமும் தருகிறது: வேலை முடிந்த அன்று சீட்டைக் கிழித்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு சுவரும் அவர்களுடையது, காகிதமும் அவர்களுடையது.

வேலைதான் முடியவில்லை. தம்பியின் கூடத்தில் ஐந்து சட்டங்கள் முழுசாக இருக்கின்றன. ஆறாவதில், ஜன்னல் பக்க மூலையில், ஒன்றரை அடி பாக்கி. அலமாரி மறைக்கிறது என்று முதலில் சொன்னவர் சட்டக்கா. தம்பி இரண்டு ஆளை வைத்து அலமாரியை நகர்த்திக் கூடத்தின் நட்டநடுவில் நிறுத்திவிட்டார். வீட்டில் இருப்பவர்கள் எட்டு மாதமாக அதைச் சுற்றித்தான் நடக்கிறார்கள். இரவில் ஒரு முறை அவரே முட்டிக்கொண்டு, தன் கடை மருந்தையே போட்டுக்கொண்டார்.

சட்டக்காவுக்கும் இது இனிப்பாக இல்லை. இருபத்தாறு வருடத்தில் அரைகுறையாக விட்ட வேலை இது ஒன்றுதான். அந்தத் தெரு வழியாகப் போகும்போது அந்த மூலை தன்னைக் கூப்பிடுகிறது என்கிறார். ஆகவே சுற்றுவழியில் போகிறார். ஒன்றரை அடித் துண்டை எப்போதோ அறுத்து, இழைத்து, சாய்வெட்டும் வெட்டி வைத்தாயிற்று. கடையின் உள்சுவரில் சாத்தி நிற்கிறது. தூசி படியாமல் வாரம் ஒரு முறை துடைக்கிறார். நான் போயிருந்த அன்றும் தம்பி வாசலில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. இன்னும் அவரை மேடம் என்றே கூப்பிடுகிறார்.

"அந்த மூலை மேடம்."

"மரம் கொஞ்சம் காயணும் தம்பி."

"எட்டு மாசமா காயுதே."

சட்டக்கா துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நெடுகத் தடவினார். எலும்பு போலக் காய்ந்திருந்தது. எனக்கே தெரிந்தது, தம்பிக்கும் தெரிந்திருக்கும்.

"டீச்சர் முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார் சட்டக்கா.

பரவாயில்லை, இன்னும் நடக்கிறாள் என்றார் தம்பி.

"நல்லது," என்று சொல்லி, துண்டை எடுத்த இடத்திலேயே சாத்தி வைத்தார்.